அரசியல் வெறுத்து கனடா போறதுக்கு முன்னாடி

தம்பி, தேர்தல் கூத்தைப் பார்த்து வெறுத்துப்போய், விளவங்கோட்டில் உங்க பேர்ல இருக்கிற ரப்பர் தோட்டத்தை விற்றுட்டு கனடா போய் அந்நாட்டுக் குடிமகன் ஆகப்போறதா எழுதியிருக்கீங்க. போறது உங்க இஷ்டம். தோட்டத்தை மட்டும் இப்ப விற்காதீங்க.

நிரந்தரக் குடியிருப்பு கிடைச்சு, 5 வருஷத்தில் 1095 நாள் அங்கே இருந்தாத்தான் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். கிடைச்சதும் இந்தியக் குடியுரிமை போயிடும். பிறகு ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தர்ற அட்டை) எடுத்தாலும் ஓட்டு கிடையாது. விவசாய நிலமோ தோட்டமோ புதுசா வாங்க முடியாது. ஏற்கெனவே இருக்கிறதை வெச்சுக்கலாம்.

கனடா குடியுரிமை வாங்குற வரைக்கும், படிவம் 6ஏ (வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கிற படிவம்) கொடுத்தா இங்கே ஓட்டு உண்டு, ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோட நேர்ல வரணும். (ஊர்க் கட்சிச் சண்டை எப்படியும் வாட்ஸ்அப்பில் அங்கேயும் வந்து சேரும்!)

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கு நம்பிக்கையான ஆளை ஏற்பாடு பண்ணிட்டுக் கிளம்புங்க.