டைப் பண்ணும்போது கர்சர் துள்ளுதா? டச்பேட் கேள்வி பதில்

மடிவாளா மாப்ள: அண்ணா, லேப்டாப்ல உபுண்டு லினக்ஸ் போட்டதுல இருந்து டைப் பண்ணிட்டே இருக்கும்போது கர்சர் திடீர்னு மூணு வரி மேல ஓடிடுது, அங்க போய் எழுத்து விழுது. டச்பேட் போச்சா?

பதில்: போகல தம்பி. கட்டைவிரலோட அடிப்பக்கம் பேட்ல படுது, அத நீ விரலால தட்டினதா (டேப்) நினைச்சு கிளிக் பண்ணிடுது. லினக்ஸ்ல இப்ப டச்பேட பாத்துக்கறது பெரும்பாலும் லிப்இன்புட்ங்கற சாஃப்ட்வேர் தான். கீ அடிச்சா கொஞ்ச நேரம் டச்ச கண்டுக்காது, ஒரே ஒரு கீன்னா வழக்கமா 200 மில்லிசெகண்ட், விடாம அடிச்சா 500. அடிக்கும்போதே பேட்ல வச்ச கைய, நீ எடுக்கற வரைக்கும் கணக்குல சேர்க்காது, அதனால கைய வச்சுக்கிட்டே அடிக்கறவனுக்கு பிரச்சனை இல்ல, நடுவுல நிறுத்தி யோசிச்சுட்டு கைய தூக்கி மறுபடி வைக்கறான் பாரு, அவன்தான் மாட்டுவான். டைப் பண்ணும்போது டச்பேட் ஆஃப் ஆகற செட்டிங் ஆன்ல இருக்கான்னு பாரு. அப்பவும் தொல்லைன்னா டேப் கிளிக்க ஆஃப் பண்ணிட்டு அழுத்தி கிளிக் பண்ணு, என்னக் கேட்டா அதுதான் நிம்மதி.

அல்சூர்க்காரி: எனக்கு அந்த செட்டிங் ஆன்ல இருந்தும் வேலை செய்யல ணா. கேப்ஸ்லாக்க கன்ட்ரோலா மாத்த கீடின்னு (keyd) கீ மாத்தற புரோகிராம் போட்டிருக்கேன். நான் தமிழ்99 கீபோர்ட் முறையில அடிக்கறதும் காரணமா இருக்குமா?

பதில்: தமிழ்99 மேல பழி போடாதம்மா, தமிழ் எழுத்த உள்ள வாங்கற ஐபஸ் எல்லாம் லிப்இன்புட்டுக்கு மேல் அடுக்குல உக்காந்திருக்கு. சந்தேகம் கீடி மேலதான். அது உன் நிஜ கீபோர்ட பிடிச்சு வச்சுக்கிட்டு, ஒரு பொய் கீபோர்ட் வழியா எழுத்த அனுப்புது. லிப்இன்புட்டு லேப்டாப்போட சொந்த கீபோர்ட் அடிச்சாதான் பேட நிறுத்தும், வெளிய இருந்து யூஎஸ்பி கீபோர்ட் மாட்டினா நிறுத்தாது, கை பேட் பக்கமே வராதுல்ல. பொய் கீபோர்ட அது சொந்தமா நினைக்கல. ஈடிசி-க்குள்ள லிப்இன்புட் ஃபோல்டர்ல local-overrides.quirks-னு ஒரு ஃபைல் வச்சு, அந்த கீடி கீபோர்ட் பேரப் போட்டு, இது இன்டர்னல்னு எழுதிடு. லாக்அவுட் பண்ணி திரும்ப வா. அப்புறம், ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் மட்டும் அழுத்தினா பேட் நிக்காது, அது பக் இல்ல, கன்ட்ரோல் பிடிச்சுக்கிட்டு கிளிக் பண்ண முடியணும்ல.

கேம் பைத்தியம்: டபிள்யூ அழுத்தி ஓடும்போது டச்பேட்ல திரும்ப முடியல ப்ரோ.

பதில்: அதே செட்டிங்தான். கேம் ஆடும்போது ஆஃப் பண்ணு. இல்ல ஒரு மவுஸ் வாங்கு.

ஒயிட்ஃபீல்டுவாசி: விண்டோஸ்ல இதெல்லாம் கிடையாதா சார்?

பதில்: இருக்கு சார். விண்டோஸோட பிரிசிஷன் டச்பேட்ங்கற வகையா இருந்தா, ஒவ்வொரு டச்சோடயும் இது விரலா இல்ல தெரியாம பட்டதான்னு பேடுக்குள்ளயே இருக்கற புரோகிராம் (ஃபர்ம்வேர்) ஒரு பிட்ல சொல்லி அனுப்பும், லினக்ஸ் கெர்னலும் அந்த பிட்ட படிக்கும். செட்டிங்ஸ்ல டச்பேட் சென்சிட்டிவிட்டி நாலு நிலை இருக்கும், கடைசி ரெண்டுல ஒண்ணு வச்சுப் பாருங்க.

பிஜி பையன், பிடிஎம்: ணா எனக்கு கை வைக்காமலே கர்சர் நடுங்குது, சார்ஜர் மாட்டினா மட்டும்.

பதில்: இது டிரைவர் வேலையே இல்லடா. லேப்டாப் மெட்டல் பாடியா? சார்ஜ் போட்டுட்டு மணிக்கட்ட அதுல தேய்ச்சா லேசா சுறுசுறுங்குதா? அப்ப உங்க பிஜி பிளக் பாயிண்ட்ல எர்த் இல்லாம இருக்கலாம், இல்ல நீ மூணு பின் பிளக்க ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகியிருப்ப. டச்பேட் விரலோட கெபாசிட்டன்ஸ அளந்துதான் வேலை செய்யுது, அந்த அளவுல கரண்ட் இரைச்சல் கலந்துடுச்சுன்னா இல்லாத விரல் எல்லாம் அதுக்கு இருக்கற மாதிரி தெரியும். டெர்மினல்ல லிப்இன்புட்டோட டீபக் ஈவென்ட்ஸ் கமாண்ட சூடோ போட்டு ஓட விட்டுட்டு கைய கட்டிக்கிட்டு உக்காரு. யாரும் தொடாம பாயிண்டர் மோஷன்னு வரி வரியா ஓடும். சார்ஜர உருவு, நின்னுடுச்சுன்னா ஓனர் கிட்ட எர்த் பாக்கச் சொல்லு. அவர் அடுத்த மாசம்னு இழுப்பார், அது வரைக்கும் ஆபீஸ்ல சார்ஜ் போட்டுக்கோ. அந்த சாதாரண ரெண்டு பின் கன்வெர்ட்டர முதல்ல தூக்கிப் போடு.

கே.ஆர்.புரம் அக்கா: தம்பி, என் பழைய லேப்டாப்ல டச்பேட் தானா கிளிக் ஆகுது, ஒரு ஓரம் கொஞ்சம் தூக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. டிரைவர எடுத்துட்டு மறுபடி போடட்டுமா?

பதில்: வேணாம்க்கா! கீழ பேட்டரி உப்பி பேட மேல தள்ளுது போல. இப்பவே ஆஃப் பண்ணிடுங்க, சார்ஜ் போடாதீங்க, தூக்கின ஓரத்த அழுத்திப் பாக்காதீங்க. நீங்களே கழட்டவும் வேணாம், அந்த கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போங்க. பெங்களூரு எஸ்பி ரோட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல விலை கம்மியா பேட்டரி கிடைக்கும்னு யாராவது சொல்வாங்க, கேட்டுக்காதீங்க.