சிறுகதை எழுதுபவர்கள் கேட்டவை: வசனம், பார்வைக் கோணம், முடிவு

கேள்வி: இரண்டு பெண்கள் பேசும் காட்சி. எல்லா வரியும் 'என்றாள்' என்றே முடிகிறது; பேசுவது யார் என்று எனக்கே குழம்புகிறது. 'முனகினாள்', 'சீறினாள்' என்று மாற்றிப் போடலாமா?

பதில்: வேண்டாம். 'என்றாள்' கண்ணில் படாமல் நழுவிவிடும். 'சீறினாள்' குறுக்கே வந்து நிற்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் வழக்கமாகப் பேச்சு முதலில், பேசியவர் கடைசியில். நான்கு வரி வசனத்தை வாசகர் தவறான குரலில் படித்துவிட்டு, முடிவில் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். ஆளை முன்னால் கொண்டுவாருங்கள்:

மாலா கதவைச் சாத்தினாள். "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

இங்கே 'என்றாள்' தேவையே இல்லை. பேச்சு நீளம் என்றால் முதல் துண்டிலேயே உடையுங்கள்: "இல்ல," என்றாள் தேவகி. அதன்பின் மீதி. இருவர் மட்டும் உள்ள காட்சியில் மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை அடையாளம் காட்டினால் போதும். ஒருத்தி 'வா, போ' என்றும் மற்றவள் 'வாங்க, போங்க' என்றும் பேசும் உறவாக இருந்தால் அந்த அடையாளமும் குறைவாகவே தேவைப்படும். வசனத்துக்குள் பெயர் சொல்லி அழைக்கவைப்பது மட்டும் வேண்டாம். எதிரே நிற்பவளை யாரும் வரிக்கு வரி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

கேள்வி: வட்டார வழக்கை எந்த அளவுக்கு எழுதலாம்?

பதில்: ஒலி முழுவதையும் பிடிக்க முயன்றால் வாசகர் எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார். அந்த வழக்குக்கே உரிய வினைமுடிவுகள் இரண்டு மூன்று, விளிச்சொல் ஒன்றிரண்டு போதும். 'வந்துட்டேன்', 'வந்திட்டேன்' இரண்டும் காரணமில்லாமல் ஒரே ஆள் வாயில் வந்தால் அது கவனக்குறைவாகவே தெரியும். பாத்திரவாரியாக ஒரு தாளில் குறித்துவைத்து, கடைசித் திருத்தத்தில் சரிபாருங்கள்.

கேள்வி: 'பார்வைக் கோணம் தவறுகிறது' என்று கதை திரும்பி வந்தது. தன்மையில்தான், அதாவது 'நான்' என்று சொல்லும் கதையாகத்தான் எழுதியிருக்கிறேன். எங்கே தேடுவது?

பதில்: கதையை யார் கண்வழியே பார்க்கிறோம் என்பதுதான் பார்வைக் கோணம். "என் முகம் வெளிறியது" போன்ற வரிகளில் தேடுங்கள். கண்ணாடி இல்லாமல் தன் முகத்தைப் பார்க்க முடியாது. உள்ளங்கை வேர்த்ததை உணர முடியும். அடுத்து, "அவர் பொறாமைப்பட்டார்" போன்றவை. அது சொல்பவரின் ஊகம். ஊகத்துக்குக் காரணமான செயலை எழுதுங்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை, படர்க்கைக் கதைக்கும் அது பொருந்தும்: மரியாதை விகுதி. சிறுவனின் பார்வையில் 'வாத்தியார் வந்தார்' என்று தொடங்கிய கதை பாதியில் 'வந்தான்' என்று மாறினால், கதைசொல்லியே மாறிவிட்டதாகத் தோன்றும். சிறுவன் அவரை வெறுக்கத் தொடங்கும் இடத்தில் வேண்டுமென்றே மாற்றினால் அருமையான உத்தி!

கேள்வி: பழைய நிகழ்ச்சியைச் சொல்லும் பக்கம் முழுக்க 'சொல்லியிருந்தான், போயிருந்தான்' என்று இழுக்கிறது.

பதில்: முதல் இரண்டு வாக்கியம் மட்டும் அப்படி. பிறகு 'சொன்னான், போனான்'. நிகழ்காலக் காட்சிக்குத் திரும்பும்போது அங்கே ஏற்கெனவே காட்டிய ஒரு பொருளையோ ஒலியையோ தொட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: முடிவில் விளக்கம் கூடுதலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'மீதி எங்கே?' என்று கேட்காவிட்டால் வெட்டிவிடலாம்.

கேள்வி: எத்தனை பாத்திரங்கள் வைக்கலாம்?

பதில்: 1,500 சொல்லுக்குப் பெயருள்ளவர்கள் மூவர் என்பது என் கணக்கு. மற்றவர்களைத் தொழிலாலோ உறவாலோ குறிப்பிடுங்கள். பெயர்களின் முதலெழுத்தும் வேறுபடட்டும். மாலா, மாலதி, மாலினி மூவரும் இரண்டாம் பக்கத்திலேயே கலந்துபோவார்கள்.