ஈடிடிஏ கட்டிய இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடோடு ஏன் வினைபுரிகிறது?

கேட்ட கேள்வி: “ஈடிடிஏ இரும்பு அயனியை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று படித்தேன். பிறகு ஏன் அந்த அணைவுச் சேர்மம் தண்ணீரில் பெராக்சைடைச் சிதைக்கிறது?”

அருமையான கேள்வி. பாடப்புத்தகத்தில் ஈடிடிஏ (EDTA, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) ஆறு கைகளால் உலோகத்தைச் சுற்றிக்கொள்வதாகப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் வேறு எதுவும் உள்ளே நுழைய இடமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரும்பு(III), அதாவது மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு அயனி, கொஞ்சம் பெரியது. ஈடிடிஏ ஆறு இடங்களில் பிடித்த பிறகும் ஏழாவதாக ஓர் இடம் மிஞ்சும், அங்கே ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருக்கும். அது சுலபமாகக் கழன்றுவிடும். பெராக்சைடு நுழைவது அந்த வழியாகத்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரும்பு(III) ஈடிடிஏ கரைசல் வெளிர் மஞ்சளாக இருக்கும். அம்மோனியா விட்டு நன்றாகக் காரமாக்கி, சில துளி பெராக்சைடு விட்டால் சட்டென்று அடர் ஊதாவாக மாறும். பெராக்சைடு தன் இரண்டு ஆக்சிஜன்களாலும் இரும்பில் பக்கவாட்டாகப் பிணைந்ததால் வந்த நிறம் அது. அப்புறம் குமிழ்கள் வரும், ஊதா மெல்ல வெளிறும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

இரண்டு எலக்ட்ரான் மட்டும் இழந்த இரும்பு(II) என்றால் கதை வேறு. பெராக்சைடின் இரண்டு ஆக்சிஜன்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு பலவீனமானது. இரும்பு(II) ஓர் எலக்ட்ரானைக் கொடுத்ததும் அது உடைந்து, ஒரு பாதி ஹைட்ராக்சைடு அயனியாகவும், மறுபாதி எதையும் விட்டுவைக்காத ஹைட்ராக்சில் தனி உறுப்பாகவும் (இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட துண்டு) பிரியும். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து டார்டாரிக் அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்வதை வேதியியலாளர் ஃபென்டன் 1894இல் விரிவாக எழுதினார். தனி உறுப்பு விளக்கத்தை வேதியியலாளர்கள் ஹேபரும் வைஸும் 1934இல் தந்தார்கள்.

ஈடிடிஏ போன்ற ஈனி (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) இல்லாத வெறும் இரும்புக்கு இந்த வினை pH 3 அளவில்தான் நன்றாக நடக்கும். அதற்கு மேலே போனால் இரும்பு(III) துருநிற வண்டலாகப் படிந்துவிடும். சாயக் கழிவுநீரில் ஃபென்டன் முறையை (இரும்பும் பெராக்சைடும் சேர்த்துச் சுத்திகரிப்பதை) கையாளும்போது முதலில் அமிலம் விடுவது இதனால்தான். ஈடிடிஏ இருந்தால் நடுநிலை நீரிலும் இரும்பு கரைந்தே இருக்கும். அதோடு, இரும்பு(III) நிலைக்கு அது அதிகமாகச் சாதகம் செய்வதால், இரும்பு(II) தன் எலக்ட்ரானை இன்னும் எளிதாகக் கொடுத்துவிடும். பெராக்சைடோடு வினைவேகம் வெறும் இரும்பைவிட நூறு மடங்குக்கும் மேல். அதாவது, ஈடிடிஏ வினையைத் தடுக்கவில்லை, தூண்டிவிடுகிறது.

சரி, உண்மையாகவே தடுக்க என்ன வழி? டெஸ்ஃபெரியாக்சமின் போன்ற ஈனி வேண்டும். அது ஆறு ஆக்சிஜன்களால் இரும்பு(III)-ஐ மூடிவிடும், பெராக்சைடு வந்து ஒட்ட இடமே இருக்காது. இரும்பு(II)-ஆக மாறுவதையும் அது மிகக் கடினமாக்கிவிடும். அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் இரும்பு சேர்ந்துவிடும் தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) நோயாளிகளுக்குத் தருகிற மருந்துகளில் இதுவும் ஒன்று.

ஈடிடிஏவை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். காகித ஆலைகளில் கூழைப் பெராக்சைடால் வெளுக்கும் முன் ஈடிடிஏ அல்லது அதே வகையைச் சேர்ந்த டிடிபிஏ சேர்த்து மாங்கனீசைக் கழுவி எடுக்கிறார்கள். பெராக்சைடு வீணாகச் சிதையாமல் இருக்க அங்கே அது நன்றாகவே உதவுகிறது.