கண்ணும் கருத்தும்: கண்ணாடியைக் கழற்றும் முன்

சென்ற இதழில் லேசர் சிகிச்சை பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வேலூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்து சேர்ந்த கடிதங்களால், இம்மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்க வேண்டியதாயிற்று. நான் அறுவை செய்யும் மருத்துவர் அல்லன். இருபத்தாறு ஆண்டுகளாகக் கண் அளவு பார்த்துவரும் ஆப்டோமெட்ரிஸ்ட். ஆகவே என் பதில்கள் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றைச் சுற்றியே இருக்கும்.

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. இரண்டு கண்களிலும் மைனஸ் நான்கு. பெண் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்திருக்கிறது; கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டால் நல்லது என்கிறார்கள். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம், அதற்கடுத்த மாதம் கல்யாணம். அதற்குள் லேசர் செய்து முடித்துவிட முடியுமா?
– ஒரு தாயார், குடியாத்தம்

பதில்: லேசர் படும் நேரம் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இராது என்பதால், கல்யாணப் புடவை எடுப்பதுபோல் இதையும் ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். நேரம் பிடிப்பது அதற்கு முந்தைய வேலை. கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் நின்றிருக்க வேண்டும் (டயாப்டர் என்பது கண்ணாடிப் பவரின் அலகு). அதை உறுதி செய்ய மகளின் பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். சீட்டு தொலைந்துபோயிருந்தால் பழைய கண்ணாடியே போதும், மீட்டரில் வைத்தால் அது தன் பவரைச் சொல்லிவிடும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால், மென்மையான லென்ஸை ஒன்றிரண்டு வாரங்களும், கெட்டி லென்ஸை அதைவிடக் கூடுதலான வாரங்களும் கழற்றி வைத்திருந்த பிறகே அளவெடுக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத்தில் ஒளிபுகும் மேலுறையான கார்னியா, தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பும் முன் எடுக்கும் அளவு, சும்மாடு வைத்த தலைக்குத் தொப்பி அளவு எடுத்ததைப் போன்றது.

முடிந்த பிறகும் சில வாரங்களுக்குக் கண்ணுக்கு மை இடக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, புகையில் உட்காரக் கூடாது என்பார்கள். இத்தனையையும் வைத்துக்கொண்டு மணப்பெண்ணை எந்த ஓமத்தின் முன்னால் உட்கார வைப்பீர்கள்? கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் பவரும் கண்ணீரின் தன்மையும் மாறக்கூடும் என்பதால் அப்போதும் இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது வழக்கம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு பக்கக் கடிதத்தில் மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அளவு பார்க்கும் அறையில் பெண்ணிடம் நான் கேட்கும் கேள்விக்கு அம்மா பதில் சொல்வது அடிக்கடி நடப்பதுதான். அப்போதெல்லாம் அம்மாவைச் சற்று நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வியை மறுபடியும் கேட்பேன்.

கேள்வி: எனக்கு 24 வயது; இரு கண்களிலும் மைனஸ் எட்டு. ஒரு மருத்துவமனையில் ‘கருவிழி மெலிது, வடிவமும் சந்தேகமாக இருக்கிறது, லேசர் வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறோர் இடத்தில் தாராளமாகச் செய்யலாம் என்கிறார்கள். சீட்டில் தடிமன் 485 என்று இருக்கிறது. யாரை நம்புவது?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: முதலில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சீட்டிலுள்ள 485 என்பது மைக்ரான் கணக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலோருக்குக் கருவிழியின் நடுப்பகுதி 540 மைக்ரானை ஒட்டி இருக்கும். லாசிக் முறையில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் திருப்பி வைக்கிறார்கள். டாக்டர்கள் ஃபிளாப் என்று சொல்லும் அந்த மடலுக்கு ஏறத்தாழ 110 மைக்ரான் போய்விடும். வேலை முடிந்ததும் அதை மீண்டும் படிய வைத்தாலும் பழைய தாங்குவலிமை அதற்குத் திரும்புவதில்லை. அதற்குக் கீழே, ஒரு டயாப்டரைக் குறைக்க, சிகிச்சை வட்டத்தின் அகலத்தைப் பொறுத்து 12 முதல் 15 மைக்ரான் வரை லேசர் செதுக்குகிறது. எட்டு டயாப்டருக்கு 96 முதல் 120 வரை. இரண்டையும் கழித்துப் பாருங்கள்: அடியில் மிஞ்சுவது 255-இலிருந்து 279 மைக்ரான். குறைந்தது 250 இருந்தாக வேண்டும் என்பது நெடுநாளாக இருந்துவரும் எல்லை. 300-க்குக் கீழே இறங்கவே விரும்பாத மருத்துவர்களும் பலர். நீங்கள் வரப்பின் விளிம்பில் நிற்கிறீர்கள்.

தடிமனைக் காட்டிலும் எனக்குக் கவலை தருவது அந்த ‘வடிவம் சந்தேகம்’ என்ற சொல்தான். கருவிழியின் மேடுபள்ளத்தை வண்ணப்படமாகக் காட்டும் டோப்போகிராபியில் கீழ்ப்பகுதி மட்டும் கூடுதல் வளைவோடு சிவந்து தெரிந்தால், அது கூம்புக் கருவிழி என்னும் நோயின் தொடக்கமாக இருக்கலாம். அப்படிப்பட்ட கண்ணை லேசரால் மேலும் மெலியச் செய்தால், கண்ணுக்குள் இருக்கும் இயல்பான அழுத்தத்தைக்கூடத் தாங்காமல் கருவிழி முன்னோக்கிப் பிதுங்கி, பிறகு எந்தக் கண்ணாடியாலும் தெளிவு தர முடியாத மங்கலில் கொண்டுபோய் விடும். சிறு வயதிலிருந்து அரிப்புக்காகக் கண்ணைக் கசக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் உண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வண்ணப்படத்தின் நகலைக் கேட்டு வாங்கி, இவ்விருவரையும் சாராத ஒரு கருவிழி நிபுணரிடம் காட்டுங்கள். வேலூரில் இருந்துகொண்டு அதற்கு அலைய வேண்டியதில்லை, ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். முறை உங்களுக்கு ஒத்துவருமா என்றும் அங்கேயே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொன்ன மருத்துவமனைக்கு அந்தச் சொல்லால் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: லாசிக் செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன. காலையில் எழுந்தால் கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்துகிறது. இரவில் நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றிப் பெரிய வளையம் தெரிகிறது. சிகிச்சை செய்த இடத்தில் ‘ஆறுக்கு ஆறு பார்வை வந்துவிட்டது, எல்லாம் நார்மல், உங்கள் மனப்பிரமை’ என்கிறார்கள்.
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: உங்களுடையது மனப்பிரமை அன்று. ஆறுக்கு ஆறு என்பது வெளிச்சமான அறையில், வெள்ளைப் பலகையில் உள்ள கறுப்பு எழுத்தைப் படித்த கணக்கு மட்டுமே. கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா, இருட்டில் எப்படித் தெரிகிறது என்பவற்றை அந்தப் பலகை கேட்பதே இல்லை. ஃபிளாப் வெட்டும்போது கருவிழியின் மெல்லிய நரம்புகளும் சேர்ந்து வெட்டுப்படுகின்றன. கண் உலர்கிறது, கண்ணீர் விடு, இமை கொட்டு என்று சொல்லி அனுப்புபவை அந்த நரம்புகள்தாம். அவை மீண்டும் வளர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையோ அதற்கு மேலுமோ ஆகலாம். பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். நாளெல்லாம் ஏசி அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இமை கொட்டுவதும் குறைந்து, தொல்லை கூடும்.

ஷிர்மர் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கீழிமையின் ஓரத்தில் ஒரு சிறிய காகிதப் பட்டையைச் செருகி, ஐந்து நிமிடம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று அளப்பதுதான் அது. ஐந்துக்கும் குறைவாக நனைந்திருந்தால் கண்ணீர் மிகவும் குறைவு என்று பொருள். பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு எது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியை இமைமேல் ஒத்தடமாக வைப்பதும் பலருக்கு உதவுகிறது. மருந்துக்கடையில் ‘கண் சிவப்புக்கு’ என்று கேட்டு வாங்கி விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, அதை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும். லாசிக் செய்த கண்ணில் அந்த அழுத்தத்தை அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால் ஏறியதும் தெரியாமல் போகலாம்.

வளையம் வேறு கதை. இரவில் கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளையான பாப்பா விரியும்போது, லேசர் செதுக்கிய வட்டத்தின் ஓரத்தைத் தாண்டியும் ஒளி உள்ளே நுழைகிறது, அதனால் வளையம். மிச்சமாக அரை டயாப்டர் நின்றுபோயிருந்தாலும் இதே தொல்லை வரும். விளக்கைக் குறைத்து மறுபடியும் பவர் பார்க்கச் சொல்லுங்கள். இரவு வண்டி ஓட்டும்போது மட்டும் போட ஒரு மெல்லிய கண்ணாடி போதுமானதாக இருக்கலாம்.

சோதனைகள் அனைத்தும் சரியாக இருந்தும் வலி மட்டும் தொடர்ந்தால், நரம்பு சரியாக ஆறாததால் வரும் வலி என்று ஒன்று உண்டு. அரிதுதான், ஆனாலும் உண்மையான நோய். நானும் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் அந்தக் காகிதத்தைக்கூட வைத்துப் பார்க்காமல் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்பியவன்தான். அவர் மறுபடியும் வரவே இல்லை. சரியாகி வராமல் இருந்தாரா, நம்பிக்கை போய் வராமல் இருந்தாரா என்பது இன்றுவரை உறுத்துகிறது.

கேள்வி: பள்ளி ஆசிரியை, 43 வயது. மைனஸ் மூன்று. லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாம்தானே?
– வாலாஜாபேட்டை

பதில்: விடைத்தாள் திருத்தும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திருத்துகிறீர்கள், அல்லவா? மைனஸ் மூன்று கண் 33 சென்டிமீட்டரில் உள்ளதை இயல்பாகவே தெளிவாகக் காட்டும். லேசர் அந்த வசதியை எடுத்துக்கொண்டு தூரப் பார்வையைத் தரும். உங்கள் வயதில் தொடங்கும், கிட்டத்து எழுத்து மங்கும் சாளேசுரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இன்று கழற்றிப் படிப்பவர் நாளை மாட்டிப் படிப்பார். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் படிப்புக்கும் வைக்கும் வழி உண்டு. ஆனால் முதலில் காண்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் வாழ்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறேன். லேசர் செய்துகொள்ளலாமா?
– கம்மவான்பேட்டை

பதில்: நீங்கள் சேரப்போகும் பிரிவின் அறிவிக்கையில் கண் சிகிச்சை பற்றி என்ன விதி இருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள், தம்பி. பிரிவுக்குப் பிரிவு விதி வேறுபடும். செதுக்கிய கருவிழியைப் பழையபடி ஆக்க முடியாது. உங்கள் ஊரில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் சேர்ந்த காலத்து விதியை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: நடுவில் கண்ணை அசைத்துவிட்டால் என்ன ஆகும்? கருகிய வாடை வரும் என்கிறார்களே, கண் வேகிறதா?
– ஆரணி

பதில்: மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையைச் சிறு கம்பியால் விலக்கி வைப்பார்கள். பிறகு ஒரு வளையம் கண்ணை அழுத்தும். சில நொடிகள் பார்வை இருண்டுபோகும். முன்கூட்டியே தெரியாதவர்கள் திடுக்கிடுவது அங்கேதான், வலியால் அன்று. அதன்பின் மினுக்கும் ஒரு விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். கண் சற்று நகர்ந்தால் கருவி கூடவே நகரும், அளவு மீறினால் தானே நின்றுவிடும்.

வாடை உண்மை, முடி பொசுங்கியதுபோல் இருக்கும். ஆனால் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் சுட்டு எரிப்பதில்லை, மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து ஆவியாக்குகிறது. மூக்குக்கு எட்டுவது அந்த ஆவிதான். இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் நம்மவர். சென்னையில் 1929-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின் மீது இந்தக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். ஓரம் கருகாமல் வெட்டு விழுந்தது.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லாசிக் செய்துகொண்டேன். இப்போது 57 வயதில் கண்புரை என்கிறார்கள். பழைய சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?
– திருப்பத்தூர்

பதில்: அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். கண்புரைக்கு உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். உங்கள் வளைவு லேசரால் மாற்றப்பட்டது என்று தெரியாமல் வழக்கமான கணக்கைப் போட்டால், கணக்குத் தவறி, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பிளஸ் கண்ணாடி தேவைப்படும்படி ஆகிவிடும். லேசர் செய்த கண்களுக்கென்று இப்போது தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. இருந்தாலும் சிகிச்சைக்கு முந்தைய பவரும் கருவிழி அளவும் கிடைத்தால் வேலை எளிது. சிகிச்சை செய்த இடத்தில் பழைய பதிவு கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இதைப் படிக்கும் இளைஞர்கள் எவரேனும் அண்மையில் லேசர் செய்திருந்தால், முந்தைய அளவுகள் உள்ள அந்தத் தாளை இன்றே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, மூலத்தை வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் பையில் போட்டு வையுங்கள்.