ஹைப்போ தந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல்: கேள்வி பதில்

கேள்வி: யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷல்தானே இவர்?

அது அப்பா, வில்லியம். ஜான் அவருடைய ஒரே மகன். 1792இல் இங்கிலாந்தில் ஸ்லோ என்ற ஊரில் பிறந்தவர்.

கேள்வி: சார், வானத்தைப் படம் பிடிக்கும் ஆசையில்தான் புகைப்படத்துக்கு வந்தாரா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவரை இழுத்தது வேதியியல். ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் என்ற உப்பு, ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819இலேயே கண்டு எழுதிவிட்டார். அப்போது அதற்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. 1839 ஜனவரியில், பாரிஸில் டகேர் ஒளியைக் கொண்டே படம் எடுக்கிறார் என்ற செய்தி வந்தது. செய்முறை ரகசியம். ஹெர்ஷல் காத்திருக்கவில்லை, சில நாட்களுக்குள் தானே ஒரு வழி கண்டு படம் எடுத்துவிட்டார். இருபது வருடம் சும்மா கிடந்த ஹைப்போ அன்றுதான் வேலைக்கு வந்தது.

கேள்வி: நாங்கள் ஸ்டூடியோ இருட்டறையில் பயன்படுத்திய அதே ஹைப்போவா? அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

அதேதான். ஒளி படாத இடங்களில் வெள்ளி உப்பு அப்படியே மிஞ்சியிருக்கும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அதுவும் கறுத்து, படமே மறைந்துபோகும். 1802இல் இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட் வெள்ளி உப்பு பூசி எடுத்த படங்களுக்கு இந்தக் கதிதான். மிஞ்சிய உப்பை ஹைப்போ கரைத்து எடுத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், கேமராவுக்குச் சமமான கண்டுபிடிப்பு இது. காப்புரிமை எதுவும் கோராமல், தேடிவந்த டால்பட்டிடம் சொல்லிக்கொடுத்தார்; அவரும் இங்கிலாந்தில் புகைப்பட முறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தவர். டால்பட்டோ 1841இல் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டார்.

கேள்வி: ப்ளூ பிரிண்ட்டும் இவருடையதா?

ஆமாம், 1842. வெள்ளிக்குப் பதில் இரும்பு உப்பு. வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால் நீலப் படம் நிற்கும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் இந்த முறையில் கடற்பாசிகளைப் பதித்து ஒரு நூலே வெளியிடத் தொடங்கினார். பொறியாளர்கள் வரைபடங்களுக்கு இதை எடுத்துக்கொண்டது பிற்காலத்தில்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் என்ன செய்தார்?

தெற்கு வானத்தை அளந்தார். 1834 முதல் 1838 வரை, கேப் டவுன் அருகே, மனைவி மார்கரெட்டும் குழந்தைகளும் உடனிருக்க. 1,707 நெபுலாக்களும் (வானில் மேகம்போல் மங்கலாகத் தெரிபவை) விண்மீன் கொத்துகளும், 2,102 இரட்டை விண்மீன்களும் அவர் பட்டியலில் உள்ளன. எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் குறித்தவை. பகலில் கணவர் கேமரா லூசிடா (எதிரிலுள்ள பொருளின் உருவத்தைத் தாளில் விழுவதுபோல் காட்டும் வரைகருவி) வைத்துப் பூக்களின் உருவரையை வரைய, மார்கரெட் வண்ணம் தீட்டுவார். அந்த ஓவியங்களைத் தேடிப் பாருங்கள், அவ்வளவு அழகு!

கேள்வி: நிலவில் சிறகு முளைத்த மனிதர்களைப் பார்த்ததாகச் சொன்னாராமே?

சொல்லவே இல்லை. 1835இல் ஒரு நியூயார்க் நாளிதழ் அவர் பெயரில் கட்டிய கதை அது.

கேள்வி: அவருடைய அந்த வெள்ளை முடி கலைந்த படம் யார் எடுத்தது, ஐயா?

ஜூலியா மார்கரெட் கேமரன், 1867இல். கல்கத்தாவில் பிறந்தவர், கேப் டவுனில் ஹெர்ஷலோடு நட்பானார். பின்னாளில் இலங்கையில் குடியேறி 1879இல் அங்கேயே இறந்தார்.

கேள்வி: அப்படியானால் வானியலுக்குப் புகைப்படத்தால் அவர் எதுவுமே செய்யவில்லையா?

அன்றைய தகடுகளுக்கு மங்கலான விண்மீன்கள் எட்டவே எட்டா. சூரியன் எட்டும். நாள்தோறும் சூரியனைப் படமெடுத்துக் கரும்புள்ளிகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1854இல் அவர் வலியுறுத்தினார். அதற்கென்றே வானியலாளர் வாரன் டி லா ரூ வடிவமைத்த கருவி லண்டன் அருகே கியூவில் நிறுவப்பட்டது.