எலும்பு கூடிய பிறகு கம்பியை உருவும்போது வலிக்குமா? எடுக்காமல் விட்டுவிட்டால் என்ன?

மணிக்கட்டு முறிவுக்கு வைத்த கம்பிகளின் முனை தோலுக்கு வெளியே வளைந்து நிற்கிறது என்றும், அடுத்த வாரம் மாவுக்கட்டைப் பிரித்து, மயக்க ஊசி எதுவும் போடாமலேயே அவற்றை உருவிவிடுவோம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு வலிக்கும், எலும்புதான் கூடிவிட்டதே, கம்பியை வெட்டிவிட்டு மீதியை உள்ளேயே விட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. ஆனால் என் தங்கை மகனுக்கு இதேபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை உருவியபோது அவனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். என் முழங்கைக்குள் தோலுக்கடியில் புதைத்து வைத்த கம்பிகளை இரண்டாவது அறுவை சிகிச்சை செய்து எடுத்துக்கொண்டவளும் நான். இந்த இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்பது தெரியாமல் பலர் உங்களைப் பயமுறுத்தக்கூடும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கம்பியைப் பொறுத்தவரை, உள்ளேயே விட்டுவிடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்களுக்கு வைத்திருப்பது கே-ஒயர் என்று மருத்துவமனையில் சொல்லப்படும் கிர்ஷ்னர் கம்பியாகத்தான் இருக்கும். 1909-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் அறிமுகப்படுத்தியதால் அந்தப் பெயர். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், மரை எதுவும் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். மரை இல்லாததால்தான் அதைச் சில நொடிகளில் உருவ முடிகிறது. அதே காரணத்தால்தான் அதை நெடுநாள் நம்பி உள்ளே விட்டுவைக்கவும் முடியாது. பிடிப்புத் தளர்ந்த வழவழப்பான கம்பி தசையின் அசைவில் இடம்பெயரக்கூடும். தோள்பட்டைப் பகுதியில் வைத்த கம்பிகள் மெல்ல நகர்ந்து மார்புக்கூட்டுக்குள் போய்விட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வெளிமுனையை வளைத்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இது போதாதென்று, தோலைத் துளைத்து நிற்கும் கம்பி கிருமிகள் எலும்பு வரை போவதற்கான வழியாகவும் இருக்கிறது. ஆகவே கம்பியின் துணை தேவைப்படாத அளவுக்குப் புது எலும்பு பிடித்துக்கொண்டவுடன் எடுத்துவிடுகிறார்கள்: குழந்தைகளின் முழங்கை முறிவில் 3 முதல் 4 வாரம், மணிக்கட்டில் 6 வாரம் அளவில் என்பது பொதுவான வழக்கம். அப்போது எலும்பு பழைய வலிமையை அடைந்துவிட்டது என்று பொருள் அல்ல; அதற்கு இன்னும் மாதங்கள் ஆகும். இனிக் கம்பி உள்ளே இருப்பதால் கிடைக்கும் நன்மையைவிடத் தொல்லைதான் மிகுதி என்று பொருள்.

இனி வலியைப் பற்றி. என் தங்கை மகனுக்கு மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. எடுக்கும் அறையில் மாவுக்கட்டைப் பிரித்த பிறகு, கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பொருக்கை உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒரு செவிலியர் மெதுவாக ஊறவைத்து அகற்றினார். அவர் அவசரப்படாமல் செய்த அந்த வேலைதான் பாதி வலியைக் குறைத்தது என்று இன்றும் நினைக்கிறேன். பிறகு மருத்துவர் வளைந்த முனையைக் குறடால் இறுகப் பற்றி, இலேசாகத் திருகி, வந்த வழியிலேயே நேராக இழுத்தார். எலும்புக்குள்ளிருந்து ஒரு உரசலும் இழுப்பும் தெரியும். கத்தியால் வெட்டுவது போன்ற வலி அல்ல. துளையில் ஒரு சொட்டு இரத்தம் அரும்பியது, அதன்மேல் துணிப்பஞ்சை வைத்து அழுத்தினார்கள், அவ்வளவுதான். பையன் முதல் கம்பிக்கு அழவில்லை, இரண்டாவதற்குத்தான் அழுதான். என்ன நடக்கப்போகிறது என்பது அப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அது முடிந்த மறு நிமிடமே, "பெரியம்மா, இனிமே கட்டு இல்லையா?" என்று கேட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர்களுக்கும் இது இப்படித்தான் இருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வலியைத் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். புறப்படுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்; அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கதை வேறு. படிக்கட்டில் விழுந்து எனக்கு முழங்கையின் முனை எலும்பு இரண்டாகப் போயிருந்தது. கையை நீட்டும் தசை அந்த முனையில்தான் வந்து சேர்கிறது. எனவே முறிந்த துண்டை அது மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், மாவுக்கட்டு மட்டும் போட்டால் துண்டுகள் சேராது. அதற்காக இரண்டு கம்பிகளை இணையாகச் செலுத்தி, அவற்றைச் சுற்றி மெல்லிய கம்பியை எட்டு வடிவத்தில் முறுக்கிக் கட்டுகிறார்கள். தசை இழுக்க இழுக்க அந்த இழுவிசையே முறிந்த முகங்களை நெருக்கும்படியான ஏற்பாடு அது. எலும்பு நன்றாகவே கூடியது. ஆனால் நாள் முழுவதும் மேசையில் கையூன்றி எழுதுவது என் வேலை. முழங்கையை மேசைமேல் வைத்த கணமே சுருக்கென்று குத்தும். சட்டைக் கையின் தையல் அந்த இடத்தில் உரசினாலும் குத்தும். உறக்கத்தில் புரண்டு அந்தப் பக்கம் படுத்தால் விழித்துக்கொள்வேன்.

நான் முதலில் காட்டிய இடத்தில் ஊடுகதிர்ப் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு அருமையாகக் கூடியிருக்கிறது, வலிக்க வேண்டிய காரணமே இல்லை என்றார்கள். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்: அதையே நினைத்துக்கொண்டிருப்பதால்தான் வலிக்கிறதாம். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு எழுதத் தோன்றியதே இந்தச் சொல்லால்தான். எலும்பு கூடியதா என்பது ஒரு கேள்வி, உள்ளே இருக்கும் உலோகம் தொல்லை தருகிறதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்று விடை வந்ததனால் இரண்டாவதைக் கேட்கவே கூடாது என்று ஆகிவிடாது.

பிறகு நான் பார்த்த எலும்பு மருத்துவர் படத்தைக் கையில் வாங்கவே இல்லை. எந்த இடம் என்று என் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொன்னார், பிறகு கையை மெல்ல மடக்கச் சொன்னார். மடங்க மடங்க, முழங்கையின் பின்புறம் ஒரே ஒரு புள்ளியில் தோல் இழுபட்டு வெளுத்தது. அதற்கடியில் சிறு கூழாங்கல்லைப் போலக் கம்பியின் முனை தட்டுப்பட்டது. என் விரலையும் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினார். அதன் பிறகே பக்கவாட்டில் படம் எடுத்தார்கள், கம்பிகள் எலும்பைவிட்டுப் பின்னோக்கி நகர்ந்து வந்திருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. முழங்கையிலும் முழங்கால் சில்லிலும் இந்த முறையில் வைக்கும் கம்பிகள் இப்படித் தொல்லை தருவதும், அதனால் எடுக்க நேர்வதும் மிகச் சாதாரணம் என்று அவர் சொன்னபோது, வலி குறைந்ததைப் போன்ற ஒரு நிம்மதி ஏற்பட்டது.

எடுப்பதற்கு முன் அவர் எதையும் மறைக்கவில்லை. கிருமித் தொற்று வரலாம், முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகலாம், எல்லாம் சரியாக நடந்தும் வலி முழுதாகப் போகாமல் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கைக்குச் செல்லும் நரம்புகளைச் சுற்றி ஊசி போட்டுக் கை முழுவதையும் மரத்துப்போகச் செய்தார்கள். பழைய தழும்பின் வழியாகவே திறந்தார்கள்; திரைக்கு அப்பால் எட்டு வடிவக் கம்பியை வெட்டிய சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பட்ட வேதனையில் கால் பங்குகூட இல்லை. இன்று முழங்கையை மேசைமேல் ஊன்றித்தான் இதை எழுதுகிறேன். கை இன்னும் கடைசி வரை நேராக நீளவில்லை; அது மூட்டு இறுக்கத்தால் வந்தது, கம்பியை எடுத்தால் அதுவும் சரியாகும் என்று எனக்கு யாரும் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, "எனக்குப் பிளேட் வைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, ஒன்றும் ஆகவில்லை, காசுக்காகத்தான் இரண்டாவது முறை அறுக்கச் சொல்கிறார்கள்" என்று யாராவது எழுதுவார்கள். அவர்களுடைய பிளேட்டை எடுக்கச் சொல்லி நான் எங்கும் சொல்லவில்லை. தொல்லை தராத பிளேட்டையும் ஸ்குரூக்களையும் பெரியவர்களுக்கு அப்படியே விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்லது. டைட்டானியத்தின்மேல் எலும்பு இறுக ஒட்டி வளர்ந்துவிடும். திருப்பும்போது ஸ்குரூவின் தலை தேய்ந்து வழுக்கும், சில நேரம் உடைந்தும் போகும். எடுத்த பிறகு ஸ்குரூ இருந்த துளைகள் எலும்புக்குச் சில காலம் பலவீனமான இடங்கள். முன்கை எலும்பில் பிளேட்டைச் சீக்கிரமாக எடுத்துவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் முறிவு வாங்கியவர்கள் உண்டு. அதனால்தான் முன்கைப் பிளேட்டுக்கு ஒன்றரை ஆண்டாவது பொறுக்கச் சொல்வதும், எடுத்த பின் சில மாதங்களுக்குப் பளு தூக்கவும் மோதி விளையாடவும் வேண்டாம் என்பதும். உள்ளே இருந்தால் துருப்பிடித்துவிடும் என்ற பயத்தில் மட்டும் எடுக்கப் போகாதீர்கள். டைட்டானியமாக இல்லாவிட்டால், உடலில் வைப்பதற்கென்றே செய்யப்படும் துருப்பிடிக்காத உருக்காகத்தான் அது பெரும்பாலும் இருக்கும். அந்த உருக்கில் 13 முதல் 15 விழுக்காடு வரை நிக்கல் இருப்பதால், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். முதல் முறை என்னை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளில் "முழங்கை முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு சொல்கூட இல்லை. என்ன உலோகம், எத்தனை கம்பி, யாருடைய தயாரிப்பு என்று எதுவும் கிடையாது. எனக்கு வைத்தது வெறும் கம்பி என்பதால் குறடு போதுமானதாக இருந்தது. பிளேட் வைத்தவர்களுக்கு அப்படியல்ல. ஸ்குரூவின் தலையில் அறுகோணக் குழியா, விண்மீன் வடிவக் குழியா, என்ன அளவு என்பது தெரியாவிட்டால், அதற்குப் பொருந்தும் திருப்புளியை ஆயத்தமாக வைத்திருக்க முடியாது. என் பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒரு பெண்மணிக்கு இந்தக் காரணத்துக்காகவே அறுவை சிகிச்சையை ஒத்திவைத்தார்கள். பட்டினியாகக் காத்திருந்த பின்தான் அவரிடம் அதைச் சொன்னார்கள். தம் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. உங்களுக்குக் கம்பியை எடுத்துவிட்டாலும் அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி எடுத்த துளை வழக்கமாக ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும், அதுவரை கட்டை நனைக்காதீர்கள். மணிக்கட்டு முதலில் கட்டைபோல இறுகியிருக்கும். அது கம்பி எடுத்ததால் வந்த கோளாறு அல்ல, வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்ததன் விளைவு. விரல்களை இன்றிலிருந்தே மடக்கி நீட்டிக்கொண்டிருந்தால் பிறகு பயிற்சி எளிதாகும். இப்போதே கம்பியைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ, சீழ் கசிந்தாலோ, கம்பி ஆடுவதாகத் தோன்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த வாரம் கொடுத்த நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டிவிடுங்கள்.