மகளுக்கு ‘மைரா’ என்று பெயர் வைக்கலாமா?

கேட்டவர் சொன்னது இதுதான்: பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ‘மைரா’ என்ற பெயர் அவருக்கும் கணவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. மாமியாரிடம் சொன்னதும் அவர் “என்னது, மயிரா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய்விட்டார். இனி இந்தப் பெயரை வைக்கலாமா, கூடாதா?

வேண்டாம் என்பதுதான் என் பதில். தமிழ் பேசுகிறவர்கள் நடுவில் குழந்தை வளரப்போகிறது என்றால் வேண்டாம். தமிழே காதில் விழாத இடத்தில் வளரப்போகிறாள் என்றால் தாராளமாக வையுங்கள், மாமியாரை நாலு நாளில் சமாதானப்படுத்திவிடலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்கிறீர்களா? என் பெயர் ரங்கராஜன். அப்பா பெயர் குமாரசாமி. இனிஷியலைத் தமிழில் போட்டு ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு வரை எல்லா இடத்திலும் ஆங்கிலத்தில் ‘கே. ரங்கராஜன்’ என்றே இருந்ததால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆறாம் வகுப்புத் தமிழாசிரியர் வருகைப் பதிவேட்டைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். இனிஷியலுக்குப் பின்னால் நிறுத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கடகடவென்று வாசித்துக்கொண்டே வந்தவர் என் பெயரையும் அப்படியே வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். மறுநாள் பதிவேட்டில் ‘ரங்கராஜன் கு.’ என்று திருத்தியிருந்தார். ஆனால் அதற்குள் வகுப்பு எனக்குக் குரங்கரசன் என்று பட்டாபிஷேகமே நடத்தி முடித்துவிட்டது.

நான் அழுது புரண்டேன் என்றெல்லாம் நினைக்கவேண்டாம். பள்ளிக்கூடக் கேலி ஒரு பருவத்தோடு போய்விடும், அதில் பாதி பாசமும்கூட. எனக்கு எரிச்சல் வந்ததெல்லாம் வளர்ந்த பிறகுதான். ஏதாவது ஓர் அலுவலகத்தில் நாற்காலிகள் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். என் பெயர் வரும்போது அந்தக் குரல் கண நேரம் தயங்கும், தொண்டையைச் செருமிக்கொள்ளும், அப்புறம் இனிஷியலை விழுங்கிவிட்டு ‘ரங்கராஜன்’ என்று மட்டும் வரும். அந்தச் செருமலில் கேலி ஒன்றும் கிடையாது, மரியாதைதான். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் நம் பெயரைச் சொல்லச் சங்கடப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கேலியைவிட மோசம். உங்கள் மகளுக்கும் மைக்கில் கூப்பிடும் இடங்கள் நிறைய வரும்.

“எந்தப் பெயர் வைத்தாலும் பிள்ளைகள் கேலி செய்யத்தான் செய்வார்கள்” என்று இங்கே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் பிள்ளைகள் மூளையைக் கசக்கி ஒரு கேலியைக் கண்டுபிடிப்பது வேறு, நாமே தயார் செய்து கையில் கொடுத்து அனுப்புவது வேறு. மைராவில் யாரும் எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. கொஞ்சம் அவசரமாகக் கூப்பிட்டால் போதும், அதுவே வந்துவிடும். அதுவும் கோபத்தில் நீங்களே கூப்பிடும்போது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளை நாம் அதிகம் கூப்பிடுவது கோபத்தில்தானே.

“மயிர் என்பது கெட்ட வார்த்தையே இல்லையே” என்று வாதாடலாம். சரி, வள்ளுவரே மானத்துக்கு உவமை சொல்லும்போது அந்தச் சொல்லைக் கூசாமல் எழுதியிருக்கிறார். 969ஆம் குறளில் கவரிமா வருமே, அங்கேதான். அதனால் என்ன? எட்டாம் வகுப்புப் பையனுக்குக் குறளும் தெரியும், தெருவில் அந்தச் சொல் எந்த அர்த்தத்தில் வந்து விழுகிறது என்பதும் தெரியும். இரண்டில் எதை அவன் எடுத்துக்கொள்வான் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பெயர் தளங்கள் மைராவுக்கு ஆளுக்கொரு அழகான பொருள் சொல்கின்றன. உண்மையில் அந்தப் பெயரை உருவாக்கியவர் 1628இல் இறந்துபோன ஃபுல்க் கிரெவில் என்ற ஆங்கிலக் கவிஞர் என்கிறார்கள், தன் காதல் கவிதைகளில் வரும் பெண்ணுக்காகவாம். நல்ல கதை. ஆனால் கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் பெயரை வாட்ஸ்அப்பில் முதலில் எனக்கு அனுப்பிவிடுவார்கள், பட்டவனுக்குத்தானே தெரியும் என்று. நான் முதலில் பார்ப்பது இனிஷியலை, தமிழிலும் ஆங்கிலத்திலும். சித்தப்பா மகன் நாகராஜன் தன் பெண்ணுக்கு யாழினி என்று முடிவு செய்திருந்தான். அழகான பெயர்தான், ஆனால் முன்னால் ‘நா.’ போட்டால் நாய் வந்து நின்றுவிடும். பெயரை மாற்றச் சொல்லவில்லை. எல்லாச் சான்றிதழிலும் ‘யாழினி நாகராஜன்’ என்று அப்பா பெயரை முழுசாகப் பின்னால் போடச் சொன்னேன், தீர்ந்தது. அம்மாவின் முதலெழுத்தையும் சேர்த்துக்கொண்டால்கூடப் பல விபத்துகள் தவிர்ந்துவிடும்; நான் இப்போது ‘ம. கு. ரங்கராஜன்’ என்றுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

அடுத்தது சுருக்கம். நீங்கள் என்னதான் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் உலகம் இரண்டு எழுத்தில் நிறுத்திவிடும். பாவனா நல்ல பெயர்தான், சுருக்கினால் பாவி. சனிகா சுருங்கினால் என்ன ஆகும் என்று தெரியும்தானே. பெயர் எழுதிய காகிதத்தை வீட்டில் இருக்கும் பத்து வயது வாலிடம் கொடுத்து, “இந்தப் பெயரில் ஒருத்தி உன் வகுப்பில் சேர்ந்தால் எப்படிக் கூப்பிடுவாய்?” என்று கேளுங்கள். பெரியவர்கள் ஒரு மாதம் யோசித்தாலும் வராத பதில் அரை நிமிடத்தில் வந்துவிடும்.

தூரத்து மொழிகளைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஃபின்லாந்து மொழியில் ‘கமலா’ என்றால் படுமோசம், ‘கலா’ என்றால் மீன். ஸ்பானிய மொழியில் ‘மாலா’ என்றால் கெட்டவள். பதிலுக்கு, நம் ரவி பிரான்சுக்குப் போனால் ‘பெருமகிழ்ச்சி அடைந்தவன்’ ஆகிவிடுவான். இதையெல்லாம் தேடிக்கொண்டு போனால் ஒரு பெயரும் மிஞ்சாது. ஆனால் குழந்தை வளரப்போகும் ஊர் பேசும் மொழி தூரத்து மொழி ஆகாது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளோடு படிக்கப்போகிறாள் என்றால் மைராவில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கே மாட்டிக்கொள்வது நம் பூங்குழலி. அவள் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள் அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ‘ஆய்’. ஹர்ஷித்தின் கடைசி நான்கு எழுத்துகளையும் ஒருதரம் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ஊரைப் பொறுத்துத்தான் எல்லாம்.

இன்னொரு ரகம் இருக்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்யமுடியாது. பெயர் வைக்கும்போது பளிச்சென்றுதான் இருக்கும், பின்னால் உலகம் அதைக் கெடுத்துவிடும். அலெக்சா என்று 2015இல் அமெரிக்காவில் 6,000 பெண் குழந்தைகளுக்குப் பெயர் வைத்தார்கள். அமேசான் அதே பெயரில் குரல் உதவியாளரை அறிமுகப்படுத்தியது அதற்கு முந்தைய ஆண்டுக் கடைசியில்தான், யாருக்கும் இன்னும் பழகவில்லை. 2020க்குள் அந்த எண்ணிக்கை கால் பங்குக்கும் கீழே போய்விட்டது. ஏற்கெனவே அந்தப் பெயரோடு இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? “அலெக்சா, பாட்டுப் போடு” என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கதை இன்னும் கொடுமை. தீவிரவாத இயக்கத்தின் பெயர்ச்சுருக்கம் செய்திகளில் அடிபட ஆரம்பித்ததும், 2015இல் அந்தப் பெயர் அமெரிக்காவின் முதல் ஆயிரம் பெண் பெயர்களிலிருந்தே காணாமல் போனது. இதை முன்கூட்டி எந்தப் பெற்றோராலும் தெரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் உங்கள் விஷயத்தில் உலகம் பின்னால் வந்து கெடுக்கவேண்டிய அவசியமே இல்லை, மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார். சிரித்தாரே என்று வருத்தப்படாதீர்கள். வெளியில் நூறு பேர் சிரிக்கப்போவதை வீட்டுக்குள்ளேயே ஒருவர் சிரித்துக் காட்டியிருக்கிறார், அதுவும் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறுவதற்கு முன்னால்.

ஓசைதான் பிடித்திருக்கிறது என்றால் பக்கத்திலேயே மீரா இருக்கிறாள், மாயா இருக்கிறாள். மைதிலி என்றால் நீங்கள் ஆசைப்பட்ட ‘மை’யும் கையை விட்டுப் போகாது. கணவர் பெயரின் முதலெழுத்து என்னவென்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கிலத்தில் ‘கே’ என்றால் மட்டும் மீராவையும் விட்டுவிடுங்கள், வகுப்பில் முதல் நாளே கேமரா ஆக்கிவிடுவார்கள்.